நொடியினும் நுண்ணிய காலம்

யூரல் மலையில் 1839ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பெற்ற கனிமம் ஒன்று, பெரோவ்ஸ்கி என்னும் உருசியப் பெருமகனார் பெயரால் பெரோவ்ஸ்கைட்டு என வழங்கலாயிற்று. அதன் படிக அமைப்பை உடைய ஈயச் சேர்மங்கள் சில, ஒளியை மின்னாக்க வல்லன. சப்பானிய அறிஞர் மியாசாக்கா குழுவினர் 2009இல் இதனை மெய்ப்பித்தனர்.

ஒளி பட்டவுடன் படிகத்துள் நிகழ்வது யாது? எலக்ட்ரான் ஒன்று உயர்நிலைக்கு எழும். அது விட்டுச் சென்ற வெற்றிடம் துளை எனப்படும். இரண்டும் மின்னைச் சுமப்பன. பெற்ற ஆற்றல் மிகையாயின், அம்மிகையைப் படிகத்தின் அதிர்வுக்கு ஈந்து, ஏறத்தாழ ஒரு பிக்கோ நொடியில், அஃதாவது நொடியின் இலட்சங்கோடியில் ஒரு பங்கில், இவை குளிர்ந்துவிடும். ஈந்தது வெப்பமாய்ப் பாழாகும்.

இவ்விரைவை அளக்கக் கடிகாரம் உதவாது. ஆகவே லேசர்த் துடிப்பை இரண்டாகப் பிரிப்பர். முன்னது படிகத்தைக் கிளர்த்தும். பின்னது சற்றுத் தாழ்த்து வந்து அதன் நிலையை ஒற்றறியும். தாழ்த்தும் முறையோ வியக்கத்தக்க எளிமை உடையது: ஆடிகளை நகர்த்திப் பின்னது செல்லும் வழியை நீட்டுதலே. வழி 0.3 மில்லிமீட்டர் நீண்டால் ஒரு பிக்கோ நொடி தாழும்.

கிளர்ந்த எலக்ட்ரான்கள் செறிந்திருப்பின் குளிர்தல் பன்மடங்கு தாமதிக்கும் என்பதும் இவ்வாறே அறியப்பட்டது. குளிருமுன் அவற்றை வெளிக்கொணர இயலுமாயின், பாழாகும் வெப்பத்தில் ஒரு பகுதியும் மின்னாகும். அறிஞர் இன்று முயல்வது அதற்கே.