பெயராய் நிற்கும் திரையரங்குகள்

பெங்களூருவின் எந்தப் பகுதியிலும் சிறிது நேரம் நின்றால், 'மெஜஸ்டிக்' என்று பலகை மாட்டிய பேருந்து ஒன்று வந்துவிடும். அது சென்று சேருமிடம் கெம்பேகவுடா பேருந்து நிலையம். நகரத்தை நிறுவியவரின் பெயரை நிலையத்துக்கு முறைப்படி சூட்டியிருந்தாலும், மக்கள் நாவில் வழங்கும் பெயர் மெஜஸ்டிக்தான். மெட்ரோ நிலையத்தின் பெயர்ப்பலகையிலும் அது இடம்பிடித்துவிட்டது. ஆனால் மெஜஸ்டிக் என்பது ஊரோ தலைவரோ அன்று. அப்பகுதியில் ஒரு காலத்தில் இருந்த திரையரங்கின் பெயர். திரையரங்கு இன்று இல்லை. பேருந்து நிலையம் எழுந்த இடத்திலும் முன்பு தர்மாம்புதி என்னும் ஏரி இருந்தது. ஏரியின் பெயர் ஏறக்குறைய மறைந்துபோக, திரையரங்கின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பெயர்கள் எவ்வாறு பிழைக்கின்றன என்பது எளிதில் விளங்காத புதிர்.

இத்தகைய பெயர் கோயம்புத்தூரிலும் உண்டு. அங்குள்ள வெரைட்டி ஹால் சாலை, 1914-ஆம் ஆண்டில் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய வெரைட்டி ஹால் திரையரங்கின் பெயரைத் தாங்கியது. வின்சென்ட் திருச்சியில் இரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றியவர். 1905-ஆம் ஆண்டில் துய்பாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் தம்மிடமிருந்த படம்காட்டும் கருவியை விற்க முன்வந்தார். வின்சென்ட் அதனை 2,250 ரூபாய் கொடுத்து வாங்கினார். அந்நாளில் அது பெருந்தொகை. நிலையான வேலையைத் துறந்து, கூடாரமும் கருவியுமாக அவர் ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். மின்சாரம் எட்டாத ஊர்களில் அசையும் படத்தைக் கண்டவர்கள் வியந்தனர். இவ்வாறு ஒன்பது ஆண்டுகள் அலைந்த பின்னரே படக்காட்சிக்கு நிலையான கூரையொன்றை அவர் அமைத்தார்.

கூடாரத்திலிருந்து கட்டடத்துக்கு மாறியதற்கு வணிகம் மட்டும் காரணமன்று; நெருப்பும் ஒரு காரணம். அக்காலப் படச்சுருள்கள் செல்லுலோஸ் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனவை. அப்பொருள் எளிதில் தீப்பற்றும். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால் நீரில் அமிழ்த்தினாலும் அணையாது. அத்தகைய சுருளை, கொதிக்கும் ஒளிவிளக்கின் முன்னால் ஓடவிட்டுத்தான் படம் காட்டினர். எனவே 1918-ஆம் ஆண்டின் ஒளிப்படச் சட்டம், உரிமம் பெற்ற இடங்களில் மட்டுமே படம் காட்டலாம் என்று விதித்தது. பழைய திரையரங்குகளின் பின்புறத்தில் உயரமாக அமைந்த ஒரு சிறு அறையைக் காணலாம். அதன் தடித்த சுவர்களும், சிறு துளைகளும், அத்துளைகளை நொடியில் மூடும் இரும்புத் தகடுகளும் நெருப்புக்கு அஞ்சி அமைக்கப்பட்டவை. படச்சுருள் தீப்பற்றினால் அந்த அறையோடு நெருப்பு நின்றுவிட வேண்டும் என்பது நோக்கம். அறைக்குள் நிற்பவரின் நிலையைப் பற்றி அதே அளவு கவலை கொண்டார்களா என்பது ஐயமே.

அவ்வறையில் பணியாற்றியவரை மக்கள் 'ஆபரேட்டர்' என்றே அழைத்தனர். அவருடைய தொழில் நுட்பமானது. படம் நொடிக்கு 24 சட்டங்கள் வீதம் ஓடும். ஓரடி நீளச் சுருளில் 16 சட்டங்கள் உண்டு. ஆகவே ஆயிரம் அடிச் சுருள் பதினொரு நிமிடங்களில் தீர்ந்துவிடும். இரண்டரை மணிநேரப் படத்துக்கு ஏறத்தாழ 13,500 அடி தேவை. ஒரு கருவியில் சுருள் முடியும்போதே மற்றொரு கருவி ஓடத் தொடங்கவேண்டும். அதற்கான அடையாளமாகத் திரையின் வலப்புற மேல்மூலையில் சிறு புள்ளி ஒன்று மின்னி மறையும். முதற்புள்ளியில் இரண்டாம் கருவியை முடுக்கவேண்டும். சில நொடிகளில் தோன்றும் அடுத்த புள்ளியில் ஒளியை மாற்றவேண்டும். இதற்கிடையே, கருவிக்குள் எரிந்து குறையும் இரு கரிக்கோல்களின் இடைவெளியையும் சீராக வைத்திருக்கவேண்டும். சற்றுக் கவனம் தவறினாலும் திரை மங்கும். அரங்கில் சீழ்க்கை ஒலி எழும். செவ்வனே வேலை செய்தவரை எவரும் நினைத்ததில்லை.

பெங்களூருவின் இராணுவக் குடியிருப்புப் பகுதியில் சவுத் பரேட் என்று ஒரு சாலை இருந்தது. விடுதலைக்குப் பின் அது மகாத்மா காந்தி சாலை ஆயிற்று. அச்சாலையில் 1936-ஆம் ஆண்டில் பிளாசா திரையரங்கு எழுந்தது. ஆங்கிலப் படங்களுக்குப் பெயர்பெற்ற அந்த அரங்கு, பல தலைமுறையினர்க்கு மாலைப்பொழுதின் முகவரியாக விளங்கியது. பின்னர் அதன் திரை இருண்டது, கட்டடமும் இடிக்கப்பட்டது. அவ்விடம் மெட்ரோ பணிக்குச் சென்றது. 2011-ஆம் ஆண்டு அக்டோபர் 20 அன்று, நகரின் முதல் மெட்ரோ இரயில் பையப்பனஹள்ளிக்கும் மகாத்மா காந்தி சாலைக்கும் இடையே ஓடத் தொடங்கியது. பிளாசாவை இழந்ததற்காக வருந்துவோர் உண்டு. அவர்களுள் பலர் இன்று அந்த மெட்ரோவில்தான் பயணம் செய்கின்றனர். இரண்டு உணர்வும் பொய்யல்ல.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் பிரிகேட் சாலை. அங்கே ஓபரா ஹவுஸ் என்னும் கட்டடத்துக்கு வேறு விதமான ஊழ் அமைந்தது. ஆங்கிலேயர் காலத்தில் இசைக்கும் நடனத்துக்கும் இடமாயிருந்து, பிறகு படங்காட்டும் அரங்காகி, நெடுங்காலம் பாழடைந்து கிடந்த அக்கட்டடத்தைப் புதுப்பித்து, 2018-ஆம் ஆண்டில் சாம்சங் நிறுவனம் தன் காட்சிக்கூடமாகத் திறந்தது. முகப்பு காப்பாற்றப்பட்டது, உள்ளே மேடைக்கு மாறாகக் கைப்பேசிகள் அமர்ந்தன. அதே ஆண்டின் இறுதியில், அதே சாலையிலிருந்த ரெக்ஸ் திரையரங்கு தன் கடைசிக் காட்சியை முடித்துக்கொண்டது. மெஜஸ்டிக் பகுதியிலோ, அலங்கார் திரையரங்கு இருந்த இடத்தில் வணிக வளாகம் எழுந்து, 'அலங்கார் பிளாசா' என்று பழைய பெயரையே சூடிக்கொண்டது.

சென்னை அண்ணா சாலையில் இதற்கெல்லாம் முன்னோடியான ஒரு கட்டடம் இருக்கிறது. வார்விக் மேஜர் என்பவர் 1913-ஆம் ஆண்டில் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டர் அது. இரண்டே ஆண்டுகளில் அதனை அஞ்சல்துறை வாங்கிக்கொண்டது. அஞ்சல்தலை சேகரிப்போர் நாடிச்செல்லும் இடமாக அது மாறியது. திரையரங்காக வாழ்ந்த காலம் மிகக் குறைவு. கட்டடமாக வாழ்ந்த காலம் நூறாண்டைக் கடந்தது. விரைவில் மூடப்பட்டதே அதனைக் காப்பாற்றியது எனலாம். பயன்படுத்த ஒருவர் கிடைத்த கட்டடம் நிற்கிறது. பூட்டிக்கிடக்கும் கட்டடத்தை முதலில் மழையும், பின்னர் நிலத்தின் விலையும் தின்றுவிடுகின்றன.

இவை ஏன் மூடப்பட்டன? தொலைக்காட்சி ஒரு காரணம். 1982-இல் வண்ணத்தில் ஒளிபரப்பு தொடங்கியது. அடுத்த பத்தாண்டில் செயற்கைக்கோள் அலைவரிசைகள் வந்தன. எனினும் பெங்களூருவைப் பொறுத்தவரை நிலத்தின் விலையே வலிமையான காரணம். ஒற்றைத்திரை அரங்கு, நகரின் நடுவே பெரிய மனையை அடைத்துக்கொள்கிறது. ஆயிரம் இருக்கைகளும் ஒரே படத்தை நம்பியிருக்கின்றன. அப்படம் ஓடவில்லையென்றால் அந்த வாரம் முழுவதும் இழப்பு. 2004-ஆம் ஆண்டில் கோரமங்களாவில் 11 திரைகளுடன் தொடங்கிய வளாகத்துக்கு அந்தக் கவலை இல்லை. ஓடாத படத்தைச் சிறிய அரங்குக்கு மாற்றினால் போதும். ஒற்றைத்திரையில் இரசிகர்கள் முன்வரிசையில் குறைந்த கட்டணத்தில் அமரலாம். கூலித்தொழிலாளியும் வணிகரும் ஒரே நகைச்சுவைக்கு ஒரே நேரத்தில் சிரிப்பர். கட்டணம் உயர்ந்த புதிய வளாகங்களில் அந்த முன்வரிசைக்கு இடமில்லாமற் போயிற்று. அரங்குகள் மூடப்பட்டதால் நேர்ந்த இழப்புகளுள் பெரியது இதுவே. கட்டடக் கலை பற்றிய பேச்சில் இது பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது.

படச்சுருளும் மறைந்தது. எண்முறைக் கருவி வந்தபின், படம் கோப்பாக வந்து சேர்கிறது; மூலையில் புள்ளி தோன்றுவதில்லை. கரிக்கோல்களின் இடைவெளியைக் கண்ணால் அளந்தவர்கள் வேறு வேலைக்குச் சென்றனர். கட்டடங்களுக்கேனும் ஒளிப்படங்களும் பெயர்ப்பலகைகளும் எஞ்சியுள்ளன. அவர்களுடைய கைத்திறனை எழுதிவைத்தவர் மிகச் சிலரே.

சொற்பொருள்
வரைவாளர் – கட்டுமான வரைபடம் வரைபவர்
சட்டம் – (படச்சுருளில்) தனிப்படம் ஒன்று. விதி என்னும் பொருளும் உண்டு
சீழ்க்கை – வாயால் எழுப்பும் கூரிய ஒலி
ஊழ் – விதி
மனை – கட்டடத்துக்குரிய நிலம்

பயிற்சி
1. 'சட்டம்' என்னும் சொல் இப்பாடத்தில் எந்த இரு பொருள்களில் வந்துள்ளது? ஒவ்வொன்றுக்கும் பாடத்திலிருந்து ஒரு தொடர் எழுதுக.
2. ஒரு படத்தின் சுருள் 10,800 அடி நீளமுடையது. அது எத்தனை நிமிடங்கள் ஓடும் எனக் கணக்கிடுக.
3. பிளாசா, ஓபரா ஹவுஸ், எலெக்ட்ரிக் தியேட்டர் ஆகியவற்றுள் எதற்கு நேர்ந்த முடிவு ஏற்கத்தக்கது எனக் கருதுகிறாய்? காரணத்துடன் ஒரு பத்தி எழுதுக.
4. உன் பகுதியில் மூடப்பட்ட திரையரங்கு ஒன்றைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அங்கே பணிபுரிந்தோர் செய்த வேலைகளைக் குறித்து வருக.