மீன் தொட்டிக்கு எந்தப் பூச்சு?

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தோடும், அடுத்திருந்த விளவங்கோடு சென்னை மாநிலத்தோடும் சேர்ந்தன. நாட்டு எல்லை பிரிந்ததே அன்றி மண்ணும் நீரும் பிரியவில்லை. பாறசாலையிலும் களியக்காவிளையிலும் ஒரே செம்மண்தான், வெட்டுக்கல் பூமிதான். இம்மண்ணின் கிணற்று நீர் பொதுவாகச் சற்று அமிலத் தன்மையுடைய மென்னீர். வீட்டுக் கொல்லையில் சிமெண்டுத் தொட்டியோ குளமோ கட்டி மீன் வளர்க்க விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது இதுவே.

சிமெண்டு செய்யும் தீங்கு

சிமெண்டு இறுகும்போது சுண்ணாம்பு வெளிப்படுகிறது. மென்னீர் அதனை எளிதில் கரைத்துக்கொள்ளும். காரத்தைத் தாங்கும் உப்புகளும் அந்நீரில் குறைவு. ஆதலின் பி.எச். எண் விரைந்து உயர்கிறது. நன்னீர் மீன்கள் பலவற்றுக்கு 6.5 முதல் 8.5 வரை ஏற்றது. தெளிந்த சுண்ணாம்பு நீரின் எண்ணோ 12க்கு மேல்! மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவும் காரத்தில் கொடிதாகிறது. பி.எச். 7இல் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும். 9இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நஞ்சாகிவிடும்.

எனவே பூச்சைத் தேரும்போது, 'நீர் கசியாமல் காக்குமா?' என்று கேட்டால் மட்டும் போதாது. 'நீரில் எதைக் கலக்கும்?' என்றும் கேட்டல் வேண்டும்.

தள்ள வேண்டியவை

எண்ணெய் வண்ணம் சிமெண்டின் காரத்தால் சோப்பாக மாறி உரியும். நிலக்கரித் தாரில் மீனுக்கும் அதனை உண்போர்க்கும் கேடு செய்யும் பொருள்கள் உண்டு. மொட்டைமாடிப் பூச்சுகள் சிலவற்றில் பாசியும் பூஞ்சையும் பிடியாதிருக்க நஞ்சு சேர்த்திருப்பர். இவை மூன்றும் ஆகா.

கொள்ளத் தக்கவை

கண்ணாடித் தொட்டியின் மூட்டுகளுக்குப் பூஞ்சைக்கொல்லி சேராத சிலிக்கோன் நன்று. காடி மணம் வீசும் சிலிக்கோன் கண்ணாடியில் நன்கு பற்றும். அதன் அமிலம் சிமெண்டின் காரத்தோடு கலந்து கெடுவதால் சிமெண்டுச் சுவருக்கு உதவாது.

தரைக்கு மேல் கட்டிய தொட்டிக்குக் கரைப்பான் சேராத இருபொருள் எப்பாக்சி ஏற்றது. சொன்ன அளவு பிசகாமல் இரு பொருள்களையும் கலக்க வேண்டும். அளவு தவறினால் இறுகாத பகுதி நீரில் கசியும். ஈரச் சுவரில் சாதாரண எப்பாக்சி பற்றாது. சுவர் கட்டி 28 நாள் கழித்து, சனவரி முதல் மார்ச்சு வரையுள்ள வறண்ட நாள்களில் பூசுவது நலம். பூசியபின் ஒரு வாரமேனும் ஆற விடுக.

தரையில் தோண்டிய குளத்தின் நிலை வேறு. இப்பகுதிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழைகளும் உண்டு. மழைக் காலத்தில் நிலத்தடி நீர் உயர்ந்து, வெளியிலிருந்து சுவரை உள்நோக்கி அழுத்தும். அப்போது எப்பாக்சி கொப்புளித்துப் பெயரும். இங்கே சிமெண்டோடு அக்ரிலிக் பாலைக் கலந்த பூச்சு மேலானது. அது சுவரின் நுண்துளைகளைப் பற்றி நிற்கும். குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றது என்று குறித்திருப்பதையே வாங்குக. இதிலும் சிமெண்டு இருப்பதால் நீரை நிரப்பி வடிப்பதைச் சிலமுறை செய்தல் வேண்டும்.

குளம் பெரிதாயின் பூச்சே வேண்டா; கேரளத்தில் வழங்கும் 'படுதாக் குளம்' போலக் கெட்டியான பாலித்தீன் விரிப்புப் போதும். கல்லும் வேரும் குத்தாதபடி அடியில் மணல் பரப்புக.

எளிய சோதனை

ஒரு சிமெண்டுத் துண்டில் பூச்சைத் தடவி நன்கு ஆறவிட்டு, மழைநீர் நிறைந்த புட்டியில் ஒரு வாரம் இடுக. வெறும் மழைநீரை மற்றொரு புட்டியில் வைக்க. பின் இரண்டிலும் சிறிது மஞ்சள் தூள் தூவிப் பாருங்கள். ஆரத்தி நீர் சிவப்பது சுண்ணாம்பின் காரத்தால் அன்றோ? அதுபோலத் துண்டு கிடந்த நீர் சிவந்தால் காரம் கசிகிறது, மீன் விடலாகாது. எண்ணெய்ப் படலமோ கடுநெடியோ தோன்றினும் அப்பூச்சை விலக்குக. மஞ்சள் காரத்தை மட்டுமே காட்டும். பிற நஞ்சுகளைக் காட்டாது. ஆதலின் தொட்டியில் முதலில் இரண்டொரு மீன்களை மட்டும் விட்டு, சில நாள் கழித்தே மற்றவற்றை விடுக.

ஆய்வுக்கூடத்தில் நாம் கற்ற அமில காரப் பாடம் இது. விடுமுறைக்கு ஊர் செல்லும் தோழர்கள், தொட்டி கட்டும் அண்டை வீட்டாருக்கும் கொத்தனாருக்கும் இதனை எடுத்துச் சொல்வார்களாக.