பற்றிப் படரும் நரம்புகள்

நுழையும்முன்

கொழுகொம்பைப் பற்றிப் படர்வது கொடியின் இயல்பு. கருவில் உருவாகும் மூளையின் நரம்புச் செல்களும் ஒன்றையொன்று பற்றியே வளர்கின்றன. அப்பற்றுதலுக்குத் துணைநிற்கும் ஒரு மரபணுவை இப்பாடம் அறிமுகம் செய்கிறது.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ளன. அவை ஆக்சான் என்னும் இழையை நீட்டித் தமக்குரிய இடங்களைச் சென்றடைய வேண்டும். சில இழைகள் மூளையின் புறணியில் தொடங்கித் தண்டுவடம் வரை செல்கின்றன. அந்நெடுவழியில் உதவும் புரதங்களுள் ஒன்று எல்1கேம். 1257 அமினோ அமிலங்களால் ஆன இப்புரதம் செல்லின் புறப்பரப்பில் நீண்டு நிற்கும்; அருகிலுள்ள இழையின் மீதுள்ள அதே வகைப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். அதனால் இழைகள் கற்றையாகச் சேர்ந்து வளர்கின்றன.

இப்புரதத்தை உருவாக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் இருப்பதால், ஒன்றில் பிழை நேர்ந்தாலும் மற்றொன்று பெரும்பாலும் ஈடுசெய்யும். ஆணுக்கு இருப்பதோ ஒன்றே. ஆகவே, இப்பிழையால் வரும் நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்குகிறது. மூளைத் தண்டுவடத் திரவம் தேங்கித் தலை பெருத்தல், கட்டைவிரல் உள்ளங்கையை நோக்கி மடங்கியிருத்தல், கால்கள் விறைத்தல், அறிவு வளர்ச்சி குன்றுதல் ஆகியன அதன் அறிகுறிகள். தேங்கிய திரவத்தைக் குழாய் வழியே வயிற்றுக்குள் வடியச்செய்யும் அறுவை மருத்துவம் அழுத்தத்தைத் தணிக்கும். வளராத நரம்புப் பாதையை அது மீட்டுத் தராது.

ஒரே குடும்பத்து ஆண்களிடம் இந்நோய் தொடர்வதைப் பிக்கர்ஸ், ஆடம்ஸ் ஆகியோர் 1949ஆம் ஆண்டு பதிவு செய்தனர். இம்மரபணுவின் பிழையே அதற்குக் காரணம் என்பது 1992இல் தெரியவந்தது. மகன்களை அடுத்தடுத்து இழந்த தாய்க்கு இவ்வறிவு தரும் பயன் பெரிது. நோய், அவள் உண்டதாலோ செய்ததாலோ வந்ததன்று என்பது தெளிவாகிறது. பிழையைத் தாங்கிய தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. குடும்பத்திலுள்ள பிழை இன்னதெனத் தெரிந்தால், கருவிலேயே அதனைச் சோதித்தறிய இயலும்.

கருவில் மூளையைக் கட்டமைக்கும் இப்புரதமே, முதிர்ந்த உடலில் இடம் மாறித் தோன்றினால் தீங்காகிறது. கருப்பை, சினைப்பை ஆகியவற்றில் தோன்றும் சில புற்றுநோய்களில் இது மிகுந்து, அச்செல்கள் பிற உறுப்புகளுக்குப் பரவத் துணைபோகிறது.

மரபணு தன்னளவில் நல்லதும் அன்று, தீயதும் அன்று. உரிய காலத்தில், உரிய இடத்தில், உரிய அளவில் அது செயல்படுவதே நலம். அவற்றுள் ஒன்று தவறினும் நோய்க்கு வழி பிறக்கும்.