மார்கழித் தீயும் மார்கழிப் பனியும்

கொலராடோவில் ராக்கி மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் குடியிருக்கும் நம்மவர்கள், காட்டுத்தீ கோடைக்குரிய ஆபத்தென்றும் பனிப்புயல் குளிர்காலத்துக்குரிய ஆபத்தென்றும் பிரித்து வைத்துக்கொண்டு, ஒன்றுக்கு ஜூன் மாதத்திலும் மற்றொன்றுக்கு நவம்பரிலும் ஆயத்தம் செய்தால் போதுமென்று எண்ணியிருந்தால், அந்த எண்ணத்தை இப்போதே கைவிட வேண்டும். 2021ஆம் ஆண்டு வசந்தத்தில் தாராளமாய்ப் பெய்த மழையில் ஓங்கி வளர்ந்த புல், ஜூலைக்குப் பின் நீடித்த வறட்சியில் சருகாகி, டென்வர் நகரில் டிசம்பர் 10 வரை அளக்கத்தக்க பனியே விழாதிருந்த அந்த விபரீதமான பருவத்தின் முடிவில், டிசம்பர் 30ஆம் தேதி முற்பகலில் மூண்ட மார்ஷல் தீ, மணிக்கு 100 மைலுக்கும் மேற்பட்ட வேகத்தில் மலையிலிருந்து இறங்கிய காற்றால் உந்தப்பட்டு, சுப்பீரியர், லூயிஸ்வில் ஆகிய ஊர்களிலும் சுற்றுப்புறங்களிலும் அன்று இரவுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைச் சாம்பலாக்கியது. மறுநாள் மாலையே பனி பெய்யத் தொடங்கியது. தீக்குத் தப்பிய வீடுகளிலோ எரிவாயுவும் இல்லை, பல இடங்களில் மின்சாரமும் இல்லை.

ஆகவே, நேயர்கள் இந்த வாரமே செய்ய வேண்டிய முதற்காரியம், வீட்டின் சுவரிலிருந்து ஐந்தடி தூரத்துக்குள் தீப்பற்றக்கூடிய பொருள் யாதொன்றும் இல்லாமல் செய்வதாகும். உலர்ந்த புல், மரச்சீவல், ஜூனிப்பர் புதர், விறகுக் குவியல் ஆகியவற்றை அகற்றுவதோடு, கூரையோரத் தகரக்கால்வாயில் தேங்கிய இலைகளையும் வாரிவிட வேண்டும். இவை எல்லாவற்றினும் அலட்சியம் செய்யப்படுவது மரவேலி. வீட்டுச் சுவரைத் தொட்டு நிற்கும் மரவேலி, நெருப்பை வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கும் திரியாகிவிடும். சுவரை ஒட்டிய பகுதியையேனும் கழற்றி உலோகத்தால் அமைத்துக்கொள்வது உத்தமம்.

அடுத்தது காற்றைப் பற்றிய எச்சரிக்கை. மார்ஷல் தீ மூண்ட அன்று, ஈரப்பதம் அதற்குரிய வரம்புக்குக் கீழே இறங்கவில்லையென்ற காரணத்தால், தீயபாயத்துக்குரிய ‘சிவப்புக் கொடி’ அறிவிப்பு வெளியிடப்படவில்லை. பலத்த காற்றுக்கான எச்சரிக்கை மட்டுமே இருந்தது. எனவே, தரையில் பனியில்லாமல் புல் காய்ந்து கிடக்கும் நாளில் பலத்த காற்றென்று அறிவிப்பு வந்தால், அதையே தீ எச்சரிக்கையாகப் பாவித்து, காரில் எண்ணெய் நிரப்பி, வீதியை நோக்கி நிறுத்திவைக்க வேண்டும். கவுண்டியின் அவசர அறிவிப்புகள் தாமாகவே வந்துசேரும் என்று நம்பியிராமல், வீட்டிலுள்ள ஒவ்வொருவருடைய கைபேசி எண்ணையும் இன்றே பதிவு செய்யுங்கள். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் தாய்தந்தையர், பிள்ளைகள் வேலைக்குச் சென்ற பகற்பொழுதில் காரும் பழக்கமான பாஷையும் இல்லாமல் தனித்திருப்பார்களாகையால், அவர்களை அழைத்துச் செல்வதற்கு அண்டை வீட்டார் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதை நான் மிக அவசியமானதென்று கருதுகிறேன்; அந்த முகம் அவர்களுக்கு முன்பே பரிச்சயமாயிருக்கவும் வேண்டும்.

புறப்படும்போது எடுத்துச் செல்லும் பையில், பாஸ்போர்ட், மருந்து, மூக்குக்கண்ணாடி ஆகியவற்றோடு கம்பளி உடையும் கனத்த காலணியும் இருக்கட்டும். நெருப்பிலிருந்து ஓடுகிறவன் குளிரைப் பற்றி யோசிப்பதில்லை. ஆனால் மறுநாள் இரவு அவனை வதைப்பது குளிரே. அவகாசம் இருந்தால் மாத்திரம், ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டுச் செல்லுங்கள்.

திரும்பி வரும்போது வீடு முழுமையாக நின்றாலும், கணப்பு எரியாத வீட்டில் குழாய்கள் உறைந்து வெடிக்கும் என்பதை மறக்கலாகாது. பிரதான அடைப்பானை மூடி, தாழ்ந்த இடத்துக் குழாயைத் திறந்து, தண்ணீரை வடித்துவிட வேண்டும். வெப்பத்துக்காகக் கரியடுப்பையோ முகாம் அடுப்பையோ வீட்டுக்குள் மூட்டுவதும், ஜெனரேட்டரைக் கார்க்கொட்டகையில் ஓட்டுவதும் மரணத்தை அழைப்பதாகும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. ஜெனரேட்டரை வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வெளியே வையுங்கள். எரிவாயுவை நிறுத்தியிருந்தால், நிறுவனத்தின் பணியாளர் வந்து சோதித்துத் திறக்கும்வரை எவ்வளவு குளிரானாலும் அதைத் தொடலாகாது.

தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி அறிவிப்பு வந்தால், காய்ச்சுவது கிருமிகளை மட்டுமே கொல்லும் என்பதை அறிந்திருக்க வேண்டும். 2017இல் சாண்டா ரோசாவிலும் 2018இல் பாரடைஸிலும் நேர்ந்த தீக்குப் பின், ஊர்க்குழாய்களில் பென்சீன் என்னும் விஷம் கலந்திருந்தது. அதைக் காய்ச்சினால் ஆவியாகி நாம் சுவாசிக்கும் காற்றில் சேரும். ஆகையால், குடிக்கலாகாது என்று அறிவித்திருக்கும்வரை, புட்டித் தண்ணீரையே சமையலுக்கும் உபயோகியுங்கள்.

பனி மூடிய சாம்பல்மேடு வெகு அமைதியாகத் தோற்றமளிக்கும். அந்தத் தோற்றத்தை நம்பலாகாது. மார்ஷல் தீ மூண்ட இரண்டு இடங்களில் ஒன்றில், டிசம்பர் 24ஆம் தேதி எரித்து மண்ணிட்டு மூடிய குப்பையின் கங்கு ஆறு நாள் அணையாதிருந்து காற்றில் கிளம்பியதென்று விசாரணையில் கண்டறிந்தார்கள். ஆதலால், பனிக்கடியில் கனலும் குழியும் ஆணியும் உண்டென்றே எண்ணி, அனுமதி கிடைக்கும்வரை இடிபாட்டுக்குள் கால் வைக்காதீர்கள். பின்னர் செல்லும்போதும் என்95 முகமூடியும் கையுறையும் அணிந்தே செல்லுங்கள். உங்கள் வீட்டுக் கணப்பின் சாம்பலையும் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மூடியுள்ள உலோக வாளியில், வீட்டைவிட்டு விலக்கிப் பல நாள் வைத்திருந்து, கை வைத்தால் சில்லென்று இருக்கும்போதே வெளியே கொட்டலாம்.