முதலில் சாப்பிடு தங்கச்சி, பிறகு ஜெபம் பண்ணலாம்

தோட்டத்தில் வேலைநாளுக்குப் பெயர் சரியாக விழாத வாரம், குழுக்கடனுக்கு ஆள் வருகிற நாள், அம்மாவுக்கு கிளினிக், மகனுக்கு டியூஷன் காசு, அதோடு கலவானப் பக்கத்து மழை. இதெல்லாம் ஒன்றாக வந்து நிற்கும்போது, "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று வாய் சொன்னாலும் நெஞ்சு படபடக்கிறது, இல்லையா? படபடப்பு வந்ததால் உன் விசுவாசம் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அதை மனதில் ஏற்றிக்கொள்ளாதே. பாரத்தை நீ ஒருத்தியாகவே தூக்க வேண்டும் என்று வேதம் எங்கேயும் கேட்கவில்லை.

முதலாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுத்து ஆறுதலாக வாசி. கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி கண்ட எலியா, யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடிக்குக் கீழே படுத்து, செத்தால் போதும் என்கிறார். அவரை யாரும் திட்டவில்லை. தேவதூதன் தட்டி எழுப்புகிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார். திரும்பவும் எழுப்பிச் சாப்பாடு. அதற்குப் பிறகுதான் பேச்சே. வேதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று. களைத்துப்போன மனுஷனுக்குத் தேவன் முதலில் கொடுத்தது சாப்பாடும் தூக்கமும்.

ஆகவே நீயும் அங்கேயிருந்தே தொடங்கு. லயத்தில் எல்லாருக்கும் போட்டுவிட்டு, மிச்சம் இருந்தால் சாப்பிடுகிறவள் நீ. காலையில் வெறும் சாயத்தைக் குடித்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடாதே. ரொட்டியில் பாதியையாவது உட்கார்ந்து தின்றுவிட்டுப் போ. பிரச்சினை பெரிது என்று உபவாசம் தொடங்குகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். கர்ப்பமாக இருந்தால், பால் கொடுத்தால், சீனி வருத்தத்துக்கு மருந்து எடுத்தால் அது வேண்டாம். சபையில் யார் கேட்டாலும் தயங்காமல் சொல். இரவு பதினொரு மணிக்குக் கடன் கணக்குப் பார்ப்பதையும் விட்டுவிடு. அந்த நேரத்தில் எந்தக் கணக்கும் சரிவராது.

ஜெபிக்க வார்த்தை வராத நாளில் நீளமாக ஜெபிக்க முயலாதே. பதின்மூன்றாம் சங்கீதம் ஆறே வசனம். எவ்வளவு காலம் இப்படி என்று தாவீது தேவனிடமே கேட்கிறார். எண்பத்தெட்டாம் சங்கீதம் கடைசி வரைக்கும் இருட்டாகவே போய் முடிகிறது. அப்படிப்பட்ட அழுகையும் வேதத்துக்குள் இருக்கிறது என்றால், உன் அழுகைக்கும் அங்கே இடம் உண்டு. கொழுந்து பறிக்கும்போது கை தன்பாட்டில் வேலை செய்யும். பயம் வந்து உட்காருவதும் அந்த நேரத்தில்தான். ஒரு வரிசை முடிந்து அடுத்ததில் நுழையும்போது, "ஆண்டவரே, இந்த வரிசைக்குப் பெலன் தாரும்" என்று மட்டும் சொல். சாயங்காலம் வரைக்குமான பெலனை அப்போதே கேட்க வேண்டியதில்லை.

பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து நடுவில் கோடு போடு. இடப்பக்கம், இன்றைக்கு உன் கையால் செய்யக்கூடியது: கிளினிக் அட்டையைத் தேடி வைப்பது, டியூஷன் சேரிடம் ஒரு வாரம் தவணை கேட்பது. வலப்பக்கம், உன் கையில் இல்லாதது: மழை, அம்மாவின் ரிப்போர்ட், வீட்டுக்காரரின் மனசு. வலப்பக்கத்தை வாசித்து ஜெபம் பண்ணு. இடப்பக்கத்தில் ஒன்றையாவது செய்து முடி. பக்கங்களை மாற்றிப்போடாதே. கடன் தவணையை ஜெபத்தில் மட்டும் வைத்துவிட்டு, மழையை நினைத்து விடிய விடிய முழித்திருப்பதுதான் நாம் வழக்கமாகச் செய்வது.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய குழுக்கடனைக் கட்டப் புதிய குழுக்கடன் எடுக்காதே. எல்லாத் துண்டுகளையும் ஒரு பையில் போட்டு, கணக்குத் தெரிந்த, நம்பிக்கையான ஒருவரிடம் காட்டு. காணிக்கை வைத்தால் கடன் தீரும் என்று காசு கேட்கிறவர் யாராக இருந்தாலும் கொடுக்காதே.

எலியாவிடம் திரும்பி வருகிறேன். நான் ஒருவன்தான் மீதி என்று அவர் முறையிட்டபோது, ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. கூடவே துணைக்கு எலிசாவும் கிடைத்தார். நம் தோட்டங்களுக்கும் விசுவாசம் ஆட்கள் மூலமாகத்தான் வந்தது. 1854இல் மலைநாட்டில் 'தமிழ் கூலி மிஷன்' என்ற பெயரில் தொடங்கிய ஊழியத்தில், திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்மார் தோட்டம் தோட்டமாக நடந்து, எழுத்துத் தெரியாத சனத்துக்கு வேதத்தை வாசித்துக் காட்டினார்கள். நீயும் தனியாகக் காம்பராவுக்குள் வாசிக்காமல், இஸ்தோப்பில் உட்கார்ந்து சத்தமாக வாசி. பக்கத்து வீட்டுப் பெரியம்மா காது கொடுத்துக்கொண்டு வந்து உட்காருவார்.

ஜெபக்கூட்டத்தில் "எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்க" என்பதோடு நிறுத்தாதே. "செவ்வாய்க்கிழமை நான் அம்மாவோடு இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போகணும், பிள்ளையை மடுவத்திலிருந்து கூட்டிட்டு வந்து வைச்சிருக்க முடியுமா அக்கா?" என்று கேள். திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கிய நான்கு பேரும் ஆளுக்கொரு மூலையைத் தூக்கினவர்கள்தான். எந்த மூலையைப் பிடிக்க வேண்டும் என்று நீ சொன்னால்தான் மற்றவளுக்குத் தெரியும்.

சில விஷயங்களுக்கு ஜெபத்தோடு வேறு கதவையும் தட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை என்றால் டாக்டரிடம் போ. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதே, உடனே ஒருவரைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு 1926க்கு அடி. அது தேசிய மனநல உதவி எண். வீட்டில் அடி உதை நடந்தால் பெண்களுக்கான உதவி எண் 1938. மன்னிப்பது வேறு, அடி வாங்கிக்கொண்டு அதே வீட்டில் கிடப்பது வேறு. மன்னிப்பு என்ற பெயரில் உன்னைத் திரும்ப அந்த அடிக்குள் அனுப்புகிறவரின் ஆலோசனையை நான் கேட்கமாட்டேன், நீயும் கேட்காதே.

கடைசியாக மழை. 2017 மே மாத மழையில் இரத்தினபுரி மாவட்டம் பட்டதை நாம் மறக்கவில்லை. கலவானப் பக்கத்திலும் மண்சரிவு உயிர்களைக் கொண்டுபோனது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்துக்கு வைத்திருக்கும் கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டு: 75 மில்லிமீட்டர் தாண்டினால் அவதானம், 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேற வேண்டும். நேரான சுவருள்ள பால்மா டின் ஒன்றை, கூரைத் தண்ணீரும் மரத்துத் தண்ணீரும் விழாத வெட்டவெளியில் வை. பிள்ளையின் அடிமட்டத்தை அதற்குள் விட்டுப் பார். 15 சென்டிமீட்டர் என்றால் அதுதான் அந்த 150. நிலத்தில் புது வெடிப்பு, சாய்கிற மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இறுகிப்போகும் கதவு இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அளவு பார்த்துக்கொண்டு நிற்காதே. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறு. பத்திரமான இடத்துக்கு வந்ததும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்குச் சொல். வீட்டுக்குள் முழங்காலில் நின்று மலையைத் தடுத்து நிறுத்தும்படி கேட்கிற நேரமில்லை அது. ஆலய மண்டபத்துக்கோ பாடசாலைக்கோ போய்ச் சேர்ந்தபிறகு எல்லாருமாக ஜெபிக்கலாம்.

இன்றைக்கே ஒரு பையில் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, ஈ.பி.எப். தாள்கள், அம்மாவின் மருந்து, டோர்ச், சின்ன வேதப்புத்தகம் எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றிப் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டிவிடு. லயத்தில் நடக்க முடியாத பெரியவர்கள் யார் யார், அவர்களை யார் தூக்குவது என்பதை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.