சிறு முதலும் சொந்தக் குறியும்

கிரிவலப் பாதையில் சோடாக் கடை இல்லாத இடம் அரிது. அக்கடைகளில் விற்கும் கறுத்த, திராட்சைச் சுவையுள்ள பொவண்டோவின் வரலாற்றில் நம் அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம் உண்டு.

1916-ஆம் ஆண்டில் விருதுநகரில் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் 'காளி மார்க்' என்னும் குறியுடன் சோடாத் தொழிலைத் தொடங்கினார். அத்தகைய தொழில் சிறிய அளவில் நிலைத்ததற்குக் காரணம் எளிது. சோடாவில் பெரும்பகுதி தண்ணீர். கண்ணாடிச் சீசாவோ கனமானது. காலிச் சீசா ஆலைக்குத் திரும்பவும் வேண்டும். ஆகவே தொலைவிலுள்ள பேராலையைவிட ஊரருகே உள்ள சிற்றாலைக்கு வண்டிக்கூலி மிச்சமாயிற்று. பெல்ஜியம் என்னும் சிறு நாட்டில் 1900-ஆம் ஆண்டளவில் 3,000-க்கு மேற்பட்ட பீர் வடிப்பாலைகள் இருந்தமைக்கும் இது ஒரு காரணமாகும்.

1993-இல் கோகோ கோலா நிறுவனம் இந்தியாவுக்குத் திரும்பி வந்தது. பார்லே நிறுவனத்தின் தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் ஆகிய பெயர்களை அது விலைக்கு வாங்கியது. பின்னர் கோல்ட் ஸ்பாட் சந்தையிலிருந்தே மறைந்தது. பெயரை விற்றவருக்கு அப்பெயரின் எதிர்காலத்தில் உரிமை இல்லை அன்றோ? காளி மார்க் குடும்பத்தார் தம் குறியை விற்கவில்லை. 2017 மார்ச்சு முதல் தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அந்நியப் பானங்களை விற்பதில்லை எனத் தீர்மானித்தபோது, கடைக்காரர்கள் பொவண்டோவை நாடினர். சந்தர்ப்பம் வந்தபோது குறி கையில் இருந்தது.

அது குடும்பத் தொழில். நமது சங்கமோ அனைவருக்கும் சொந்தம். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. அக்குறி எந்தத் தனி நெசவாளருடையதும் அன்று. ஒருவர் போலிச் சரிகையைச் சேர்த்தால் ஊர் முழுவதும் பெயரிழக்கும்.

அவசரத் தேவைக்கு முன்பணம் தரும் வணிகரிடம் சேலையைக் குறியின்றிக் கொடுத்துவிடும் அங்கத்தினரைக் குறைகூறுவதோடு நாம் நின்றுவிடலாகாது. கூலியும் விளைபொருள் விலையும் சங்கத்தில் தாமதமானால் அவர் வேறு எங்கே செல்வார்? உரிய நாளில் பணம் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. தரம் குறையாமல் சரக்கைச் சங்கத்தில் சேர்ப்பது அங்கத்தினரின் கடமை. இவ்விரண்டில் ஒன்று தவறினும் குறி வெறும் மையெழுத்தே. அடுத்த பொதுக்குழுவில் இவ்விரண்டையும் ஒருங்கே விவாதித்து முடிவு செய்வோமாக.