ஒலிக்கலையும் பல்கலைக்கழகக் கல்வியும்

திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் 'கேள்வி' என்றோர் அதிகாரம் வகுத்தார். செவிவழிப் பெறும் அறிவும் கல்வியே என்பது அவ்வைப்புமுறையால் விளங்கும். ஆயினும், ஒலியைப் பாடமாகப் படிக்க விரும்புவதாக ஒரு மாணவர் கூறின், அது வெறும் திரைப்பட நாட்டம் என்றெண்ணிப் பெற்றோர் தயங்குகின்றனர். அக்கல்வியின் உண்மையான பரப்பை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

பதிந்த ஒலியை மீளக் கேட்பிக்கும் கருவியை 1877இல் எடிசன் உருவாக்கினார். 1948இல் பிரெஞ்சு வானொலியில் பணியாற்றிய பியர் ஷெஃபர், தொடர்வண்டியின் ஓசைகளைப் பதிந்து அடுக்கி இசைப்படைப்பாக்கினார். 1949இல் செருமனியின் டெட்மோல்டு நகரில், இசையறிவையும் இயற்பியலையும் இணைத்து ஒலிப்பதிவுக் கல்வி தொடங்கப்பெற்றது. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகம் 1970இல் இவ்வழியைப் பின்பற்றியது. கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் ஆர். மரே ஷேஃபர் குழுவினர், வான்கூவர் நகரின் மணியோசை, மூடுபனியில் கப்பல்களை எச்சரிக்கும் ஊதொலி முதலியவற்றைப் பதிந்து 1973இல் வெளியிட்டனர். ஓர் ஊரைக் காதாலும் அறியலாம் என்பதை அவர்தம் பணி மெய்ப்பித்தது. இன்று இலண்டன் கலைப் பல்கலைக்கழகத்தில் 'ஒலிக்கலைகள்' என்னும் பெயரிலேயே இளங்கலைப் பட்டம் வழங்கப்படுகிறது.

நம் நாட்டில் 1960இல் நிறுவப்பெற்ற புனே திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு தனித்துறையாக விளங்குகிறது. அங்குப் பயின்று 1995இல் வெளிவந்த ரசூல் பூக்குட்டி, 2009இல் ஆஸ்கார் விருதினைப் பகிர்ந்து பெற்றார். சென்னைத் தரமணியிலுள்ள அரசுத் திரைப்பட நிறுவனத்திலும் இக்கல்வி உண்டு.

பாடப்பொருள்

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்சு வரையிலான அதிர்வுகளையே உணரும். இத்தகைய இயற்பியல் அடிப்படை, அறையின் எதிரொலிப்பு, ஒலிவாங்கியை வைக்கும் முறை, ஒலித்தொகுப்பு ஆகியன இதில் கற்பிக்கப்படுகின்றன. இவையனைத்திற்கும் முதற்படி, கூர்ந்து கேட்கும் பயிற்சியாகும்.

நம் மரபும் கடமையும்

இஃது நமக்கு அயலான அறிவன்று. தொல்காப்பியப் பிறப்பியல், உந்தியில் எழும் காற்று மிடறு, நா, பல், இதழ் முதலிய உறுப்புகளைப் பொருந்தி எழுத்தொலியாகும் முறையை விளக்குகிறது. அரபு எழுத்துகள் பிறக்கும் இடங்களைத் தஜ்வீத் கலை வரையறுக்கிறது. இப்னு சீனாவும் இதுபற்றித் தனிநூல் யாத்துள்ளார்.

ஆயினும் ஓர் இழப்பு நம் கண்முன்னே நிகழ்கிறது. கிஸ்ஸா, படைப்போர், முனாஜாத்து, தாலாட்டு ஆகிய இசுலாமியத் தமிழ் இலக்கியங்களின் சொற்களை அச்சு காத்தது. அவற்றைப் பாடிய இராகத்தை அச்சால் காக்க இயலாது. பாடியவர் மறையின், பாடும் முறையும் உடன் மறையும். ஏட்டைப் பதிப்பிக்க உ.வே. சாமிநாதையர் போன்றோர் தேவைப்பட்டதுபோல், குரலைப் பதிப்பிக்கவும் கற்றோர் தேவை.

இத்துறையில் நிலையான ஊதியம் உடனே கிட்டாது போகலாம். செலவையும் திறனையும் சீர்தூக்கியே சேர்தல் வேண்டும். எனினும், விருப்பமும் செவித்திறனும் உடைய மாணவரைப் பெரியோர் தடுத்தலாகாது. பட்டம் பெறும்வரை காத்திருக்கவும் வேண்டா. இல்லத்து மூதாட்டியின் இசைவு பெற்று, அவர் பாடுவதைக் கைப்பேசியிலேனும் பதிந்து, பெயர், ஊர், நாள் ஆகியவற்றைக் குறித்து வைப்பாராக. அதுவே இக்கல்வியின் முதற்பாடம்.